பெரட்டில் போட்ட ஐந்து ஸ்டார்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் மைதானத்துப் பக்கம் ஓடிவிட்டார்கள். நான் ஆசிரியர் அறையில் யன்னலோரம் இருந்து, ஒரு கையில் தேத்தண்ணீர், மறு கையில் போன் என்று தினமும் செய்கிற வெட்கங்கெட்ட வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

வேறென்ன? என் புத்தகத்துக்கு யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான்.

முப்பத்தொன்பது ரிவியூ!

தேத்தண்ணீர் சேலையில் சிந்திவிட்டது. முதல்நாள் பின்னேரம் பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்று ஸ்டார். இப்போது அதற்கு மேலே முப்பத்தெட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாம் ஐந்து ஸ்டார். ஒருவராவது நாலு போடக்கூடாதா?

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்திக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் கணக்கு ரீச்சர். சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். மூன்று வருடம் கஷ்டப் பிரதேசத்தில் படிப்பித்தால் ஊருக்கு மாற்றம் கிடைக்கும் என்று சொல்லி மலைநாட்டில் வட்டவளைக்கு அனுப்பினார்கள். மாற்றம் கிடைத்தபோது நான் போகவில்லை. பிறகு போக நினைத்தபோது அங்கே அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகிவிட்டது. ரவுணில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. கல்யாணம் கட்டவில்லை. சனி, ஞாயிறுகளில் கீழே கடைக்காரர் கதவு திறக்கிற சத்தமும் ரயில் போகிற சத்தமும்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் திங்கள் காலை வரைக்கும் நான் வாயே திறப்பதில்லை. திங்களன்று முதலாம் பாடத்தில் 'உட்காருங்கோ' என்று சொல்லும்போது குரல் கரகரக்கும்.

அப்படியொரு ஆள் கதை எழுதாமல் வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள்?

பத்துச் சிறுகதைகள். எல்லாம் இங்குள்ள தேயிலைத் தோட்டத்துச் சனங்களைப் பற்றியவை. புத்தகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், 'பத்தியை வைத்து விளம்பரம் செய்கிறாள்' என்பீர்கள். செய்யக்கூடியவள்தான் நான்... அதனால்தான் சொல்லவில்லை.

ஹற்றனில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தோம். வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை, பொன்னாடை என்று ஒன்றும் குறையில்லை. பேசிய ஐந்து பேரில் இரண்டு பேர் முன்னுரையை மட்டும் வாசித்திருந்தார்கள். இன்னொருவர் அதையும் வாசிக்கவில்லை. ஆனால் அவர்தான் அதிக நேரம் பேசினார். கடைசியில் ஏற்புரைக்கு எழும்பிய நான், 'வாசிச்சிட்டு, இன்ரர்நெற்றில உங்கட கருத்தை ஒரு வரி எழுதுங்கோ' என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு ஒரு அமைதி பாருங்கள்... அப்படியொரு அமைதி!

பத்திக்கு நீங்கள் கடிதம் போடுவீர்கள். மின்னஞ்சல் எழுதுவீர்கள். போன வருடம் நான் வசனம் ஒன்றைப் பிழையாக எழுதியதற்குப் பதினொரு பேர் திருத்தி அனுப்பினீர்கள். ஆனால் புத்தகம் வந்த பிறகு, அதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. இரண்டு மாதம். புத்தகம் விற்கிற அந்த இணையத்தளத்தில் என் அட்டைப் படத்துக்குக் கீழே 'இதுவரை கருத்துகள் இல்லை' என்ற ஒரே வரி. இரண்டு மாதமும் அதைத்தான் வாசித்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு போன் வந்தது. கொழும்பிலிருந்து. குரலில் தேன். "மெடம், எங்ககிட்ட ரிவியூ பெக்கேஜ் இருக்கு. ஐம்பது ரிவியூ, எல்லாம் வேற வேற ஆட்கள் எழுதின மாதிரியே இருக்கும்" என்றார் அந்தப் பையன். புத்தகத்தை வாசிப்பீர்களா தம்பி என்று கேட்டேன். அட்டையைப் பார்த்தால் போதும் மெடம் என்றார். நான் அவருக்கு ஒரு பாடவேளை முழுக்கப் பிரசங்கம் வைத்தேன். பாவம், கட் பண்ணவும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஒரு எழுத்தாளர். எனக்கு நல்ல பழக்கம். 'நான் உங்கட புத்தகத்துக்கு எழுதுறன், நீங்க எனக்கு எழுதுங்கோ' என்று கேட்டார். அவருடைய புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. இருந்த நாலைந்து நண்பர்களில் ஒருவரைக் கொள்கைக்காக இழந்த பெருமையும் எனக்கு உண்டு!

அதற்குப் பிறகுதான் அந்த மூன்று ஸ்டார் வந்தது.

எழுதியவருக்குப் பெயர் இல்லை. 'வாசகர்' என்று மட்டும் போட்டிருந்தார். ஆணா, பெண்ணா, எந்த ஊர்... ஒன்றும் தெரியாது. எழுதியது ஐந்தாறு வரிதான். நாலாவது கதையில் ஒரு பெண் மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போகாமல் ஆற்றங்கரைக்குப் போய் இருக்கிறாள் அல்லவா, அப்படி எந்தப் பெண்ணும் போகமாட்டாள், கூடையில் கொழுந்து வாடிவிடும், அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாது என்று எழுதியிருந்தார். சரியான பிடி. எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பிறகு கடைசியில் இரண்டு வரி. 'ஆனால் அவள் கரையில் இருந்து காலை மட்டும் தண்ணீரில் வைத்து, முகத்தைக் கழுவாமலே எழும்பிப் போகிற இடம் எனக்கு இரண்டு நாளாக மறக்கவில்லை. இதை எழுதியவர் தனியாக இருப்பவராக இருக்கவேண்டும்.'

நான் அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் வாசித்தேன். பரீட்சை மேற்பார்வைக்கு நின்றபோது வாசித்தேன். சோறு வடிக்கும்போது வாசித்து, சோற்றைக் குழையவிட்டேன். யாரிடமாவது காட்டவேண்டும் போல இருந்தது. ஆசிரியர் அறையில் ஒருவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "மூண்டுதானா?" என்று அனுதாபப்பட்டார். அதோடு காட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

எங்கோ ஒரு அறையில் முகம் தெரியாத ஒருவர் என்னை வாசித்திருக்கிறார். என்னைக் கண்டுபிடித்தும் இருக்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் 'நீங்கள் தனியாக இருக்கிறீர்களா' என்று கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விசயத்தை யார் கேட்பார்கள்?

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'அருமையான நூல். டீச்சர் நீடூழி வாழ்க.' அடுத்தது, 'அருமையான நூல். டீச்சர் நீடூழி வாழ்க.' அதற்கடுத்தது... நீங்களே சொல்வீர்கள். எல்லாம் காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் போடப்பட்டவை. ஒருவர் மட்டும் எங்கேயோ இருந்ததை அவசரத்தில் எடுத்து ஒட்டி, 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டு, அதற்கும் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தார். உள்ளதில் பொருத்தமானது அதுதான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இது சந்தனம் தலைவர் வேலை.

சந்தனம், எங்கள் பாடசாலைக்கு மேலேயுள்ள தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லாத் தொழிலாளர்களும் ஓரிடத்தில் கூடி நிற்க, யார் யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவார்கள். அந்தத் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமும் அந்தப் பெரட்டுக் களம்தான். தலைவர் அங்கே நின்று, 'டீச்சர் புஸ்தகத்துக்கு எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டுட்டு மலைக்கு ஏறுங்க' என்று சொல்லியிருக்கிறார். போன் இல்லாதவர்கள் தலைவருடைய போனிலேயே போட்டார்களாம். சங்கம் கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிற சனம். ஸ்டாரையும் தூக்கிவிட்டது.

இப்போது நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். சொல்ல வாய் வரவில்லை... ஆனாலும் சொல்லவேண்டும்.

விளங்கிய அந்த நிமிடமே நான் அந்தத் தளத்துக்கு எழுதியிருக்கவேண்டும். 'இந்த முப்பத்தெட்டும் எனக்குத் தெரிந்தவர்கள் போட்டது, வாசித்துப் போட்டதல்ல, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று மூன்று வரி. அவ்வளவுதான். கொழும்புப் பையனுக்கு ஒரு பாடவேளை பிரசங்கம் செய்த வாய்க்கு மூன்று வரி எழுதத் தெரியாதா?

நான் எழுதவில்லை. சராசரியைப் பார்த்தேன். மூன்றாக இருந்தது 4.9 ஆகியிருந்தது. கணக்கு ரீச்சருக்கு அது சரிதானா என்று போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? தாளில் போட்டும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அழகாகவும் இருந்தது. 'நானாகக் கேட்கவில்லைதானே, நான் காசு கொடுக்கவில்லைதானே, அன்பால் செய்ததுதானே' என்று மனம் ஒவ்வொரு வக்கீலாகக் கூட்டிவந்தது. நாளைக்கு எழுதலாம் என்று போனை மூடினேன். புதன்கிழமையும் நாளைக்கு என்றேன்.

வியாழன் காலை பார்த்தேன். 'இதுவரை கருத்துகள் இல்லை.'

முப்பத்தெட்டும் போய்விட்டன. கூடவே அந்த ஒன்றும் போய்விட்டது.

தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. மரியாதையான மின்னஞ்சல்தான். உங்கள் நூலின் பக்கத்தில் இயல்புக்கு மாறான முறையில் கருத்துகள் பதிவாகியிருப்பதால் எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் என்ன பிழை? ஒரே இடத்திலிருந்து, ஒரே வசனத்தில், அரைமணித்தியாலத்துக்குள் முப்பத்தெட்டு வந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். பரீட்சையில் ஒரே விடையை ஒரே பிழையோடு நாலு பிள்ளைகள் எழுதினால், நடுவில் இருக்கிற அப்பாவிப் பிள்ளையையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவோம்!

அப்போதுதான் இருந்து எழுதினேன். மூன்று வரி இல்லை, ஒன்றரைப் பக்கம். நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொன்னேன். அந்த முப்பத்தெட்டும் போகட்டும், ஆனால் அதற்கு முதல் வந்த அந்த மூன்று ஸ்டாரை மட்டும் திரும்பப் போடமுடியுமா என்று கேட்டேன். எடுத்ததைத் திரும்பப் போடமுடியாது, விரும்பினால் அந்த வாசகரே மறுபடி எழுதலாம் என்று பதில் வந்தது. அவர் யார், அவரோடு எப்படித் தொடர்புகொள்வது என்று கேட்டேன். சொல்லமாட்டோம் என்றார்கள். சொல்லக்கூடாதுதான். எழுதியவளுக்குப் பயப்படாமல் எழுதத்தானே அவர் பெயரில்லாமல் வந்தார்.

அந்த வரிகளை நான் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. இன்ரர்நெற்றில் இருக்கிறது, எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன். மேலே உங்களுக்குச் சொன்னது என் ஞாபகத்தில் இருந்ததுதான். சொல் மாறியிருக்கலாம். வியாழன் முழுக்க எனக்குச் செத்தவீடு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு ரிவியூவுக்கா அழுதாய் என்று கேட்டால்... ஓம், ஒரு ரிவியூவுக்குத்தான்.

சனிக்கிழமை தோட்டத்துக்கு ஏறினேன். சண்டை பிடிக்கவேண்டும் என்றே போனேன்.

தலைவர் வீட்டில் இருந்தார். லயத்து வீட்டு வரிசையில் கோடியில் அவர் வீடு. என்னைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு. வாங்க டீச்சர், பாத்தீங்களா நம்ம வேலய என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அதைக் கண்டதும் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அவருடைய மனைவி புஷ்பம் கொழுந்து எடுக்கிறவள். அன்று அரைநாள் வேலை முடிந்து வந்து, அடுப்படியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் சாமிப்படத் தட்டு. அதில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் என் புத்தகம்! நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி. அட்டையில் சந்தனப் பொட்டு வைத்து, அதற்கு மேல் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கமும் திறக்கப்படவில்லை என்பது தூரத்திலேயே தெரிந்தது.

"ஆர் உங்களை இதைச் செய்யச் சொன்னது தலைவர்?" என்று கேட்டேன்.

"நீங்கதானே டீச்சர் அன்னைக்கி மேடையில கேட்டீங்க, ஒரு வரி எழுதிப் போடுங்கன்னு. எங்களுக்கு எத்தன கடுதாசி எழுதிக் குடுத்துருப்பீங்க, எத்தன ஃபோம் நெரப்பிக் குடுத்துருப்பீங்க. ஒரு தடவ எங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டீங்க. செய்யாம இருந்தா நாங்க மனுசங்களா?"

"வாசிச்சிட்டு எழுதுங்கோ எண்டுதானே சொன்னனான்."

அவர் சிரிப்பு போய்விட்டது. ஆனால் கோபமில்லாமல்தான் கேட்டார்.

"படிக்காமப் போட்டா குத்தமா டீச்சர்? ஓட்டுப் போடுறப்ப எல்லாத்தையும் படிச்சுப் பாத்தா போடுறோம்? நம்ம ஆளுன்னா போடுறதுதானே."

சண்டைக்கு என்று கட்டிக்கொண்டு போன வசனமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஒருவர் உண்மையாக வாசித்து எழுதியிருந்தார், இதோடு சேர்ந்து அதுவும் அழிந்துவிட்டது என்றேன். அது எத்தனை ஸ்டார் என்று கேட்டார் தலைவர். மூன்று என்றேன். மூன்றுக்காகவா முப்பத்தெட்டு ஐந்தை இந்த டீச்சர் ஏசுகிறாள் என்று அவர் கண்ணில் ஓடியது எனக்குத் தெரிந்தது. ஆனால் மனுசன் நல்லவர். மன்னிப்புக் கேட்டார். எனக்குத்தான் குறுகிப்போய்விட்டது. அவர் செய்தது செவ்வாய்க்கிழமை அறியாமல். நான் பேசாமல் இருந்தது புதன்கிழமையும், அறிந்து.

புஷ்பம் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். நான் புறப்படும்போது தட்டிலிருந்த புத்தகத்தை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? கைவசம் இருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டினேன். 'வாசித்திருந்தால் மட்டும் கருத்து எழுதுங்கள். பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். என்னைத் தெரிந்தவர் என்றால் அதையும் எழுதுங்கள். புத்தகம் சும்மா கிடைத்தது என்றால் அதையும்.' இவ்வளவுதான். மாவைக் காய்ச்சிப் பசை செய்து ஒட்டினேன். முன்பே கொடுத்திருந்த உள்ளூர்க்காரருக்கெல்லாம் துண்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் வீட்டுக்கும் ஒன்று. நல்லதாக எழுதுங்கள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. பிடித்தவர்களிடம் மட்டும் போய்க் கேட்பதும் ஒரு சின்னக் களவுதான். அது எனக்கு முதலில் உறைக்கவில்லை. யாராவது இப்போது புதிதாகப் புத்தகம் போடுகிறவர் என்னிடம் வழி கேட்டால், நான் சொல்லக்கூடியது இந்தத் துண்டு மட்டும்தான். பிறகு காத்திருக்கவேண்டும். காத்திருப்பதில்தான் பொல்லாத வில்லங்கம். ஒரு வாரம், இரண்டு வாரம்... 'இதுவரை கருத்துகள் இல்லை.'

போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும். படியில் காலடிச் சத்தம். என் படியில் மாதத்தில் ஒரு தரம் கரண்ட் பில்காரர் ஏறுவார். ஞாயிறு அவர் வரமாட்டார். கதவைத் திறந்தால் புஷ்பம். சாமான் வாங்க ரவுணுக்கு வந்தவள், ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் என் புத்தகம். சந்தனப் பொட்டு உதிர்ந்து, ஓரமெல்லாம் மடிந்து, அடுப்புப் புகை மணத்தோடு.

இருக்கச் சொன்னேன். கதிரையின் நுனியில் இருந்தாள். நாலு கதை வாசித்துவிட்டாளாம். எதுக்கு அஞ்சு ஸ்டார் போட்டோம்னு தெரிஞ்சுக்க வேணாமா என்றாள். பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"தப்பா நெனக்காதீங்க டீச்சர். உங்க கதையில எல்லாரும் அழுதுகிட்டே இருக்காங்க. கொழுந்து எடுக்குறப்பவும் அழுவுறாங்க, சோறு திங்கிறப்பவும் அழுவுறாங்க. நாங்க அம்புட்டு அழுவுறதில்லீங்க. மலையில நாங்க பேசுற பேச்சக் கேட்டா நீங்க காதப் பொத்திக்குவீங்க."

எனக்குச் சுள்ளென்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் ஒரு கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருடம் உங்களோடு இருந்து எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"நீங்க எங்கள வாசல்ல நின்னே பாத்துட்டு எழுதிட்டீங்க. ஃபோம் நெரப்ப வந்தாலும் வாசல்லயே நின்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவீங்க. உள்ள வந்து உக்காந்தது, போன மாசம் சண்ட போட வந்தப்பதான்."

உண்மை அது. கால் கழுவிவிட்டு வரவேண்டுமே, அவர்களுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாதே, பொழுது போகிறதே என்று ஒவ்வொரு தரமும் ஒரு சாட்டு. யாழ்ப்பாணத்து மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு வாசலில் நிற்கிற பொம்பிளையாகத் தெரிந்திருக்கிறது. இங்கே என்னோடு கதைக்க ஆளில்லை என்று அழுதுகொண்டிருந்தேன். கொழும்பிலோ கனடாவிலோ இருக்கிற ஒரு முகந்தெரியாத ஆள் என்னை வாசிக்கவேண்டும் என்று தவம் கிடந்தேன். இந்தப் புத்தகத்தைப் புஷ்பம் வாசிப்பாள் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோதுகூட நினைக்கவில்லை.

அப்படியென்றால் மலையில் என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டேன். சொன்னாள். ஒன்றிரண்டைச் சொன்னாள். பத்தியில் எழுதமுடியாது, ஆசிரியர் வெட்டிவிடுவார். நான் காதைப் பொத்தவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குப் புரைக்கேறிவிட்டது. கீழே கடைக்காரர் என்ன சத்தம் என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் இருந்து அப்படியொரு சத்தம் அவர் கேட்டதே இல்லை.

போகமுதல் புஷ்பம் தன் போனை எடுத்து, இதைப் போடலாமா டீச்சர் என்று கேட்டாள். அது உன்ர விருப்பம், நான் சொல்லக்கூடாது என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். பக்கத்தில் நின்றால் அவளுக்கு இரக்கம் வந்துவிடும். அதுவும் ஒரு லஞ்சம்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். அரைமணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நான் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

'டீச்சர எனக்கு நல்லா தெரியும். புஸ்தகம் சும்மா குடுத்தாங்க. நாலு கதை படிச்சேன். ரொம்ப அழுவுறாங்க. டீச்சர் எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்து எழுதுனா நல்லா இருக்கும்.' இரண்டு ஸ்டார்.

அந்த முதல் வாசகர் திரும்ப வரவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைக்கிறேன். இந்தப் பத்தி அவர் கண்ணில் பட்டால், மறுபடி எழுதுங்கள் என்று கேட்கமாட்டேன். அப்படிக் கேட்பதும் கழுத்தைப் பிடிக்கிற வேலைதான். உங்களுடையது அழிந்ததற்கு நான்தான் காரணம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நீங்கள் கண்டுபிடித்தது சரி என்றும்.

படியிறங்கும்போது புஷ்பம் திரும்பி நின்று, மிச்சம் ஆறு கதையையும் வாசித்துவிட்டு அடுத்த மாதம் வந்து சொல்கிறேன், ஸ்டார் இன்னும் குறைந்தாலும் குறையும் என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

குறையட்டும். ஆள் படியேறி வந்தால் சரி.